அன்ரிவைரஸ் பிடித்து வைத்த படம்

ஒரு ஊரிலே ஒரு கொம்பியூட்டர் இருந்ததாம். அதற்கு ஒரு காவல்காரன் இருந்தானாம். காவல்காரன் சத்தம் போட்டபோதெல்லாம் வீட்டுக்காரர் கள்ளனைத் தேடாமல், கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு ஓடி வந்தார்களாம். கதை கேட்டே வளர்ந்தவன் என்பதால் எனக்கு இப்படித்தான் தொடங்க வரும். ஆனால் நான் கேட்ட கதைகளில் கள்ளன் யார், காவல்காரன் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். வைரஸ் பார்க்கிற தொழிலில் அதைக் கடைசிவரைக்கும் ஒருவரும் சொல்லித் தருவதில்லை.

கடை பரந்தன் சந்தியில், பஸ் தரிப்பிடத்துக்கு எதிர்ப்பக்கம். போட்டோக்கொப்பி எடுப்போம், லமினேற் பண்ணுவோம், செத்தவீட்டு முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகங்களுக்கு எழுத்து அடித்துக் கொடுப்போம், கொம்பியூட்டர் திருத்துவோம். முதலாளி நசீர் நானா. முல்லைத்தீவுக்காரர், இடம்பெயர்ந்து போய்ப் பல வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். எழுத்து அடிப்பது சுகந்தி அக்கா. வைரஸ் பார்ப்பது நான்.

இதில் சொல்ல வந்தது தவமணி அக்காவின் அப்பாவுடைய படத்தைப் பற்றி. இருந்த ஒரே ஒரு படத்தை அன்ரிவைரஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அதை மீட்க எங்களுக்கு ஒன்றரை நாள்தான் இருந்தது. ஆனால் அன்ரிவைரஸ் திரையில் காட்டுகிற சிவப்பு எச்சரிக்கைப் பெட்டிக்கும் எங்கள் சனத்துக்கும் என்ன உறவு என்று தெரியாமல் அந்தக் கதை விளங்காது. திரையின் மூலையில் அது எட்டிப் பார்த்ததும் நெஞ்சு திடுக்கிட்டு, வாசிக்காமலே ஏதோ ஒரு பொத்தானை அமத்திவிட்டு, அமத்தியது சரியா என்று அன்றைக்கு முழுக்க யோசித்தவர் என்றால் நீங்களும் எங்கள் ஆள்தான். இருந்து கேளுங்கள்.

பஸ்ஸில் வந்த மருந்து

இது நான் வேலைக்குச் சேர முதல் நடந்தது. நானா சொல்லக் கேட்டது. சண்டை முடிந்து மீளக் குடியேறிய புதிதில் பரந்தனில் இன்ரநெற் என்பது மழை மாதிரி, வந்தால் உண்டு. அன்ரிவைரஸ் அப்போது பெட்டியில் சீடியாக வரும். சீடியைப் போட்டால் மட்டும் போதாது. அது கள்ளர்களின் முகங்களை ஒட்டிவைத்த கொப்பி மாதிரி. கொப்பியில் உள்ள முகத்தைத்தான் பிடிக்கும். கொப்பி பழசானால் புதுக் கள்ளனுக்கு வழிவிட்டு நிற்கும். அதனால் நானா கிழமைக்கு ஒருதரம் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போய், தெரிந்த ஒருவரின் கடையில் புதுக் கொப்பியைப் பென்ரைவில் இறக்கிக்கொண்டு வந்து, வீடு வீடாகப் போய்க் கொம்பியூட்டர்களுக்கு ஏற்றுவாராம்.

மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்ததாம், அந்தப் பென்ரைவிலேயே ஒரு வைரஸ் குடியிருந்திருக்கிறது. கொப்பி உள்ளே போக முதல் அது போய்விடுமாம். நானாவுக்கு முகம் கறுத்துப்போய்விட்டது. ஒவ்வொரு வீடாகப் போய் உண்மையைச் சொன்னாராம். ஒருவரும் கோபிக்கவில்லை, அதுதான் அவருக்கு இன்றுவரை விளங்காத விஷயம். மருந்து ஏற்றிய நாளிலிருந்து மெசின் ஊர்ந்ததை எல்லாரும் கண்டிருக்கிறார்கள். கண்டும், மருந்து வேலை செய்கிறது என்று பேசாமல் இருந்திருக்கிறார்கள். அரிசி ஆலைக்காரர் ஒருவர் நானாவுக்கே ஆறுதல் சொன்னாராம்: "ஊசி போட்டால் காய்ச்சல் வரும்தானே நானா. ரெண்டு நாள் படுத்துக் கிடக்கட்டும்."

வாசல் மெசின்

அந்த அனுபவத்துக்குப் பிறகு நானா ஒரு சட்டம் போட்டார். யார் பென்ரைவ் கொண்டு வந்தாலும் நேரே உள்ளே வரக்கூடாது. வாசலில், போட்டோக்கொப்பி மெசினுக்குப் பக்கத்தில், ஒரு பழைய கொம்பியூட்டர் வைத்தார். அதில் கொழுவிச் சோதித்த பிறகுதான் மற்ற மெசின்களுக்கு. அதற்கு நாங்கள் ஒரு பெயரும் வைக்கவில்லை; சனம் தானாகவே 'ஓமந்தை' என்று வைத்துவிட்டது. ஏ-ஒன்பது வீதியில், ஓமந்தை ஆமிச் சோதனைச்சாவடியில் பஸ்ஸால் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து, திரும்ப ஏறிய காலம் எல்லாருக்கும் காலிலேயே இருக்கிறது. "தம்பி, ஓமந்தை வேலை செய்யுதோ?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள்.

ஒருநாள் புளியம்பொக்கணைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். காணிக் கடிதம் ஒன்றைப் பிறின்ற் எடுக்க வேண்டும். பென்ரைவை வாங்கி வாசல் மெசினில் கொழுவிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், மனிசன் அடையாள அட்டையையும் எடுத்து என் முன்னால் வைத்திருக்கிறார். "அது வேண்டாம் ஐயா" என்றேன். "பழகிப்போச்சு" என்று எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பென்ரைவ் சுத்தம் என்று மெசின் சொன்னது. பிறின்றும் கொடுத்தாயிற்று. அவர் போகவில்லை. தயங்கித் தயங்கி நின்று கேட்டார்: "ஒரு துண்டு எழுதித் தாங்கோ தம்பி, சோதிச்சு விட்டதெண்டு. கிளிநொச்சிக் கடையிலை மறிச்சால் காட்டலாம்."

மாஸ்ரரின் இரண்டு காவல்காரர்

எழுதிக் கொடுத்தேனா என்று கேட்காதீர்கள். கொடுத்தேன். பிறகு எல்லாரும் கேட்கத் தொடங்கினார்கள், நானா அதற்கு ஒரு சீலும் அடிப்பித்தார். அது சட்டப்படி சரியா என்று எனக்குத் தெரியாது. அந்தத் துண்டு வாங்கியவர்களில் ஒருவர்தான் இளைப்பாறிய கணக்கு மாஸ்ரர். வெளிநாட்டிலுள்ள பேரப்பிள்ளைகளோடு முகம் பார்த்துக் கதைக்கத்தான் அவருக்குக் கொம்பியூட்டர். காவலுக்கு ஒன்று போதாது என்று தானே இரண்டு அன்ரிவைரஸ் ஏற்றிவிட்டார். ஒன்று நித்திரையானால் மற்றது பார்க்கும் என்பது அவருடைய கணக்கு.

நடந்தது வேறு. முதலாவது, இரண்டாவதின் வீட்டுக்குள் கள்ளர்களின் முகங்கள் நிறைந்த கொப்பி ஒன்றைக் கண்டு, இவனும் கள்ளன் என்று பிடித்தது. இரண்டாவது, முதலாவது தன் கொப்பியைக் கிளறுவதைக் கண்டு, அவனைப் பிடித்தது. இரண்டும் பிடித்துக்கொண்டு நிற்க, கொம்பியூட்டர் அப்படியே உறைந்துபோனது. "ஒன்றை எடுக்கவேணும் மாஸ்ரர்" என்றேன். "எதை?" என்றார். "எதை எடுத்தாலும் சரி" என்றேன். நாற்பது வருடம் பிள்ளைகளின் விடைகளுக்குச் சரி பிழை போட்ட மனிசன், அந்தப் பதிலை ஏற்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒருத்தன் மற்றவனைக் கள்ளன் எண்டுறான். மற்றவன் இவனைக் கள்ளன் எண்டுறான். ரெண்டு பேரையும் நீர் நல்லவன் எண்டுறீர். உமக்கு நான் எத்தினை புள்ளி போட?"

இன்னும் ஆறு நாள்

இரண்டில் ஒன்றை எடுத்து மற்றதை விட்டேன். விட்டதுக்குக் காசு கட்டிய தவணை முடியப்போகிறது என்பதைக் கவனிக்கவில்லை. அது தினமும் காலையில் ஒரு பெட்டியைக் காட்டத் தொடங்கியது: இன்னும் ஆறு நாள், இன்னும் ஐந்து நாள். என்ன ஆறு நாள் என்பது கீழே பொடி எழுத்தில் இருந்தது. ஆறு மட்டும் பெரிதாக இருந்தது. மாஸ்ரர் தொலைபேசியில் கூப்பிட்டார். இது உங்களுக்கில்லை, அன்ரிவைரஸுக்கு என்று சொன்னேன். தனக்கும் அது தெரியும் என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தெரியும் தம்பி. எண்டாலும் எழுபத்தெட்டு வயசுக்காரனை எழுப்பி வைச்சு காலமையிலை இதைச் சொல்லலாமோ?"

கடைசிப் பெட்டி

பிறகு காலம் மாறியது. காசுக்கு வாங்கிய அன்ரிவைரஸ் சும்மா கிடைக்கத் தொடங்கியது. சும்மா கிடைத்தது, கொம்பியூட்டரோடு கூடப் பிறந்தே வரத் தொடங்கியது. சனத்துக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. காசு கொடுத்தபோது, கொடுத்த காசுக்குக் காவல் நிற்கும் என்று நம்பினார்கள். சும்மா வந்தபோது, ஏன் சும்மா நிற்கிறது என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கும் அது விளங்கவில்லை. கூடவே பிறந்து வந்தபோது, "அப்ப நீ என்னத்துக்கு?" என்று கேட்டார்கள். அது கொஞ்சம் விளங்கியது.

கண்ணாடி அலுமாரியில் நானா கொண்டு வந்த கடைசிப் பெட்டி ஒன்று இன்னும் விற்காமல் இருக்கிறது. பெட்டியில் ஒரு கேடயம் கீறியிருக்கும். வெயில் பட்டுக் கேடயம் வெளிறிவிட்டது. ஒரு மத்தியானம், கடையில் ஒருவரும் இல்லாத நேரம், நானா அதை எடுத்துத் தூசி தட்டித் திரும்ப வைத்துவிட்டுச் சொன்னார்: "கள்ளனும் சும்மா வாறான், காவலும் சும்மா வருது. நீயும் நானும்தான் தம்பி இதில சம்பளத்துக்கு நிக்கிறம்."

உரப்பையில் வந்த கொம்பியூட்டர்

தவமணி அக்கா வந்தது அந்த மாதத்தில்தான். குமரபுரத்திலிருந்து சைக்கிள் கரியரில், உரப்பை ஒன்றால் சுற்றி, ரியூப்பால் இறுக்கிக் கட்டி, கொம்பியூட்டரைக் கொண்டு வந்தார். அவருடைய அப்பா தவறி அன்றைக்கு இருபத்தெட்டாம் நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை; வருகிற ஆட்களுக்குக் கல்வெட்டுப் புத்தகம் கொடுக்க வேண்டும். முன்பக்கத்துக்குப் படம் வேண்டும். அச்சகத்துக்குப் போய்ச்சேர அடுத்த நாள் பின்னேரம்தான் கடைசி.

ஐயாவுக்கு வேறு படம் இல்லையா என்று சுகந்தி அக்கா கேட்டார். இல்லை. வீட்டிலிருந்த பழைய படங்கள் இடப்பெயர்வுகளில் ஒவ்வொரு ஊராகப் போய் முடிந்தன. அடையாள அட்டைப் படத்தில் தண்ணீர் பட்டு மூக்கு மட்டும்தான் மிச்சம். யாராவது படமெடுக்கப் போனைத் தூக்கினால் ஐயா எழும்பி மாட்டடிக்குப் போய்விடுவாராம். ஒரே ஒருதரம்தான் அகப்பட்டார்: தவமணி அக்காவின் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில், முன்வரிசைக் கதிரையில். அந்த அல்பம் போன வெள்ளத்தில் பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போய்விட்டது. ஸ்ரூடியோக்காரர் கொடுத்த பிரதி கொம்பியூட்டரில் இருந்தது. அவர்கள் படங்களைத் தனித்தனியாகக் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் பாட்டோடு சேர்த்து, தொட்டதும் தானே ஓடுகிற ஒரு கட்டாகக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். யாரென்று தெரியாத ஒன்று தானே ஓடினால் அன்ரிவைரஸுக்குப் பிடிக்காது.

ஐயா தவறிய அன்றைக்கே, அறிவித்தல் அடிக்கப் படம் தேடி அக்கா கொம்பியூட்டரைப் போட்டிருக்கிறார். மகள் போனிலிருந்து இன்ரநெற்றும் கொடுத்திருக்கிறாள். அன்ரிவைரஸ் தன் கொப்பியைப் புதுப்பித்தது, அந்தக் கட்டைப் பார்த்தது, சிவப்புப் பெட்டி வந்தது. உள்ளே அழுகைச் சத்தம், வாசலில் ஆட்கள், பெட்டியில் ஆங்கிலம். இருந்ததில் பெரிய பொத்தான் எதுவோ அதை அக்கா அமத்தினார். நீங்களும் அதைத்தான் அமத்தியிருப்பீர்கள். கட்டுப் போய்விட்டது.

அழியவில்லை என்று நான் விளங்கப்படுத்தினேன். சந்தேகப்பட்டதை அன்ரிவைரஸ் உடனே அழிக்காது; தனியாகப் பூட்டி வைக்கும். அவருடைய மெசினில் இருந்தது முப்பது நாள் வைத்திருக்கும், பிறகு தானே அழித்துவிடும். பூட்டிய நாளிலிருந்து எண்ணிப் பார்த்தேன். ஐயாவின் கணக்கும் அதன் கணக்கும் ஒரே நாளில் தொடங்கியிருந்தன. அக்கா ஒன்றும் அழவில்லை. சண்டை முடிவில் சனத்தை அடைத்து வைத்த வவுனியா முகாமில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தவர் அவர். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பிடிச்சு வைச்சிருக்கு எண்டுறியள். எங்கை வைச்சிருக்கு? போய்ப் பாக்கேலுமோ?"

சாட்சி சொன்னவர்கள்

பார்க்க முடியாது. பெயரையும், அதை அடையாளம் காட்டுகிற ஒரு நீள இலக்கத்தையும்தான் பார்க்கலாம். பட்டியலில் ஒரே ஒரு வரி, பக்கத்தில் இரண்டு பொத்தான்: அழி, விடுவி. விடுவித்தால் படம் வரும். அது உண்மையிலேயே வைரஸ் என்றால் அதுவும் வரும். நானா அவசரமாக எழும்பி வந்தார். பள்ளிக்கூடம் ஒன்றின் தவணைப் பரீட்சைத் தாள்கள் அன்றைக்குக் கடை மெசின்களில் இருந்தன. எல்லா மெசினும் ஒரே வயரில். "என்ன செய்தாலும் அவட பெட்டியிலயே செய்யுங்க. எங்கட வயர் ஒண்டும் கொழுவப்படாது" என்றார். அதில் நியாயம் இருந்தது.

அது வைரஸா இல்லையா என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்று அக்கா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இன்ரநெற்றில் ஒரு இடம் உண்டு. சந்தேகமான கோப்பின் கைரேகை மாதிரியான அந்த நீள இலக்கத்தைக் கொடுத்தால் உலகத்திலுள்ள பல அன்ரிவைரஸ்களிடமும் காட்டி, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று வரிசையாகப் போடும். கொடுத்தேன். பாதிக்கு மேல் ஒன்றுமில்லை என்றன. சில கள்ளன் என்றன. கள்ளன் என்றவையும் ஒன்றுக்கொன்று வேறு வேறு பெயர் சொல்லின. ஒன்று மட்டும், கள்ளன் மாதிரி இருக்கிறது ஆனால் நிச்சயமில்லை என்றது. எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை வந்தது. கட்டிக் கொடுத்த ஸ்ரூடியோவைக் கேட்கலாம் என்று அக்கா சொன்ன இலக்கத்துக்கு எடுத்தேன். வேறு யாரோ எடுத்தார்; ஸ்ரூடியோக்காரர் கடையை மூடிவிட்டு வெளிநாடு போய்விட்டாராம்.

கடைசியில் உள்ளதைச் சொன்னேன். "சில நேரம் கள்ளன் இல்லாததையும் இது பிடிக்கிறது அக்கா. சில நேரம் நல்ல கட்டுக்குள்ளையும் வைரஸ் பூந்திருக்கும். இதிலை எது எண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்லை." நானா என்னைப் பார்த்தார், தெரியாது என்று வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். தவமணி அக்கா பட்டியலில் இருந்த அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "எழுபத்தினாலு வயசு வரைக்கும் ஐயாவை ஒருத்தரும் கள்ளன் எண்டு சொன்னதில்லை."

மலையடிவாரத்தில் ஐயா

முதலில் அவருடைய மகளின் பாடக் குறிப்புகளை ஒரு பென்ரைவில் எடுத்து வைத்தோம். பிறகு கொம்பியூட்டரைக் கடை நடுவில், எந்த வயரும் இல்லாமல், மின்சாரம் மட்டும் கொடுத்துத் தனியாக வைத்தோம். நானா ஒரு பழைய திரை தந்தார். தந்துவிட்டு நாலடி தள்ளி நின்றார், வைரஸ் பாய்ந்தாலும் பாயும் என்று. 'விடுவி' என்பதை அமத்தினால், இது உசிதமில்லை, நிச்சயமாகத்தானா என்று பெட்டி கேட்கும். அமத்தட்டோ என்று அக்காவைப் பார்த்தேன். அவர் என் கையை மெதுவாக விலக்கிவிட்டுத் தானே அமத்தினார். அது திரும்பக் கேட்டது. திரும்ப அமத்தினார்.

கட்டு ஓடத் தொடங்கியது. திரை முழுக்க இதயங்கள் பறந்தன. நாதஸ்வரம் கடையை நிறைத்தது. நிறுத்தவும் முடியாது, முன்னே தள்ளவும் முடியாது. ஒவ்வொரு படமும் மூன்று செக்கனில் போய்விடும். பஸ்ஸுக்கு நின்ற சனம் வீதியைக் கடந்து வந்து வாசலில் கூடிவிட்டது. பிள்ளை, பிள்ளையின் மாமி, தட்டங்கள், மாமிமார் இன்னும் பலர். எத்தனையாவது படம் என்று அக்காவுக்கு நினைவில்லை. "உதுதான்" என்று அவர் சொல்ல, நான் திரையைப் படம் எடுக்கிற பொத்தானை அமத்த, அகப்பட்டது பலகாரத் தட்டம். முதலிலிருந்து ஓடவிட்டோம். இரண்டாம்தரம் எல்லாரும் சேர்ந்து "இப்ப, இப்ப" என்றதில் நான் முந்தி அமத்திவிட, அரை ஐயாவும் அரை மாமியும் வந்தார்கள். மூன்றாம்தரம் நானாவே முன்னுக்கு வந்து, எல்லாரையும் பேசாமல் நிற்கச் சொன்னார். நாதஸ்வரம் மட்டும் கேட்டது. பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கும் படம் போனது, அடுத்தது ஐயா. அமத்தினேன். இருந்தார்.

வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகக் கதிரையில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு இருந்தார். கண் கமராவில் இல்லை. எப்போது எழும்பிப் போகலாம் என்று பார்க்கிற முகம். ஆனால் ஸ்ரூடியோக்காரர் மண்டபச் சுவரை வெட்டிவிட்டு, பின்னால் ஒரு பனிமலையையும் ஒரு நீலக் குளத்தையும் வைத்திருந்தார். சுகந்தி அக்கா வெட்கப்பட்டார். மலையை எடுத்துவிட்டுச் சாமி படங்களுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி ஒரு நிறம் போடட்டுமா என்று கேட்டார், அரை மணித்தியால வேலை என்றார். தவமணி அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் நின்ற சனம் பஸ்ஸை விட்டுவிட்டு அவருடைய பதிலுக்கு நின்றது. "சுவிசிலை இருக்கிற தம்பி வாங்கோ வாங்கோ எண்டு எத்தினை தரம் கேட்டவன். ஐயா அசையேல்லை" என்றார். பிறகு முதல்தரமாகச் சிரித்தார்: "மலை கிடக்கட்டும் தங்கச்சி. தம்பி பாத்திட்டு அழாமல் இருப்பான்."

முப்பத்தோராம் நாள்

கல்வெட்டு நேரத்துக்கு வந்துவிட்டது. அந்தியேட்டிக்கு நானாவும் நானும் போனோம். பந்தலுக்குள் எல்லாருடைய கையிலும் ஐயா இருந்தார், எல்லாருடைய கையிலும் பனிமலை இருந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தார்கள், அடுத்தவரைப் பார்த்தார்கள், மடித்து வைத்துக்கொண்டார்கள். அக்காவின் கொம்பியூட்டர் அறைக்குள் இருந்தது. கட்டை அழிக்கவா, வைக்கவா என்று முதல்நாள் கேட்டிருந்தேன், வையுங்கோ என்றிருந்தார். அன்ரிவைரஸுக்கு இவரை இனிப் பிடிக்காதே என்று சொல்லி வைத்திருந்தேன். மெசின் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது என்றாள் மகள். அது வைரஸாலா, வயசாலா என்று எனக்குத் தெரியவில்லை.

சாப்பாடு முடிந்து சனம் கலைந்தது. ஐயாவுக்குப் பக்கத்து வயல்காரர், அவருடைய வயசுதான், கடைசியாக எழும்பினார். படலைவரை போனவர் திரும்பி வந்து என் முன்னால் நின்றார். கல்வெட்டை விரித்து மலையில் விரலை வைத்தார். சண்டை பிடிக்கிற குரலில்லை, மனம் நொந்த குரல்: "முப்பது வருசம் ஒரே வாய்க்காலிலை தண்ணி கட்டினனாங்கள். சுவிசுக்குப் போய் வந்ததை மனிசன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லைப் பாருங்கோ."

நான் வாயெடுக்க முதல் அவர் கல்வெட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படலையைத் தாண்டிப் போய்விட்டார். அந்தக் கட்டு வைரஸா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, அந்தப் பனிமலையை ஊர் முழுக்கப் பரப்பியது நாங்கள்தான் என்பது மட்டும் தெரியும்.